உபரிக் கைப்பேசியும் இரகசியச் சாவியும்

மாஹிம் ரயில் நிலையத்தின் கிழக்குப் புறமாக இறங்கித் தாராவிக்குள் செல்வோர், கைப்பேசிகளைப் பழுதுபார்க்கும் சிறு கடைகளைக் காணாமலிருக்க இயலாது. அக்கடைகளை எட்டாமல் வீட்டு மேஜையின் இழுப்பறையிலேயே உறங்கும் பழைய ஸ்மார்ட்போன்களும் அநேகம். திரையில் கீறல் விழுந்தமையாலோ, புதிய மாதிரி வந்துவிட்டமையாலோ ஒதுக்கப்பட்ட இக்கருவிக்கு ஓர் உபயோகம் உண்டு. பிட்காயின் முதலிய கிரிப்டோ நாணயங்களை வைத்திருப்போர், அவற்றுக்குரிய இரகசியச் சாவியை இணையத்தின் தொடர்பே இல்லாத இடத்தில் காப்பதற்கு இதனைப் பயன்படுத்தலாம். முறை எளியதே. எனினும் அதன் தத்துவத்தை அறியாது கைக்கொண்டால் உள்ளதனைத்தும் ஒரே நாளில் இழக்க நேரிடும். இந்நாணயங்களை வாங்குமாறு கூறுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் ஆசிரியர்களையும் கள ஊழியர்களையும் அணுகி ஆலோசனை கேட்பதுண்டாகையால், அவர்களுக்குச் சொல்லத்தக்க விடை இங்குத் தரப்படுகிறது.

முதலில் ஒரு சொல்லைப் பற்றிக் குறிப்பிட வேண்டும். இந்நாணயங்களுக்கான மென்பொருளை ஆங்கிலத்தில் பணப்பை என்னும் பொருள்படும் சொல்லால் வழங்குகின்றனர். அதை அவ்வாறே தமிழாக்குவது வாசகரைத் தவறான வழியில் செலுத்தும் என்பது இதை மொழிபெயர்ப்போரின் அனுபவம். அந்தப் பையினுள் பணம் ஏதுமில்லை. யாரிடம் எவ்வளவு உள்ளது என்னும் கணக்கு, உலகெங்கும் உள்ள ஆயிரக்கணக்கான கணிப்பொறிகளில் ஒரே மாதிரியாகப் பதிந்து கிடக்கிறது. பிட்காயினின் கணக்கேடு 2009 ஜனவரி 3 அன்று தொடங்கியது. அக்கணக்கிலிருந்து ஒரு தொகையை வேறொருவர் பெயருக்கு மாற்றும் அதிகாரத்தை அளிப்பது ஓர் இரகசிய எண் மட்டுமே. ஆகவே இதைச் சாவிக்கொத்து என்று கூறுவதே பொருந்தும். சாவியை அறிந்தவர் எவரோ அவரே உடைமையாளர். அது தொலைந்தால் மாற்றுச் சாவி கொடுக்க வங்கி மேலாளர் எவரும் இலர்.

பெரும்பாலோர் இச்சாவியைத் தாம் வைத்திருப்பதில்லை. பரிமாற்ற நிறுவனங்களிடமே விட்டுவைக்கின்றனர். அதன் விளைவை மும்பையை இடமாகக் கொண்ட வசீர்எக்ஸ் நிறுவனத்தில் காணலாம். 2024 ஜூலை 18 அன்று அங்கிருந்து சுமார் 23 கோடி டாலர் மதிப்புள்ள நாணயங்கள் களவாடப்பட்டன. இத்தனைக்கும் அச்சேமிப்பு ஒரே சாவியால் திறக்கக்கூடியதன்று. ஆறு சாவிகளுள் நான்கு சேர்ந்தாலன்றிப் பணம் நகராதவாறு ஏற்பாடு இருந்தது. கையொப்பமிட்டோரின் திரையில் தோன்றிய விவரம் வேறு, அவர்கள் உண்மையில் ஒப்பமிட்ட கட்டளை வேறு என்று அந்நிறுவனம் பின்னர்த் தெரிவித்தது. வட கொரியாவைச் சார்ந்த குழுவினரே இதைச் செய்தனர் என அமெரிக்கா, ஜப்பான், தென் கொரியா ஆகிய மூன்று அரசாங்கங்களும் 2025 ஜனவரியில் கூட்டாக அறிவித்தன.

களவு போகாத நாணயங்களும் அதே தளத்தில் முடங்கின. சென்னையைச் சேர்ந்த முதலீட்டாளர் ஒருவர் வைத்திருந்தது எக்ஸ்ஆர்பி என்னும் வேறு வகை நாணயம். திருடர்கள் கொண்டுசென்றவை அவையல்ல. ஆயினும் அவரது கணக்கும் நிறுத்திவைக்கப்பட்டது. அவ்வழக்கில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், கிரிப்டோ நாணயம் சட்டத்தின் கண்ணில் ஒருவகைச் சொத்தே என 2025 அக்டோபரில் தீர்ப்பளித்தார். சொத்து எனினும் சாவி பிறர் கையில் இருக்கையில் உடையவர் நீதிமன்றம் வரை நடக்க வேண்டியதாயிற்று.

இனி, சாவியைத் தாமே வைத்துக்கொள்ளும் முறையைக் காண்போம். சாவி என்பது மிகப் பெரிய ஓர் எண். மனிதர் பிழையின்றி எழுதுவதற்கேற்ப, 2013 முதல் அதைச் சொற்களாக மாற்றித் தரும் வழக்கம் ஏற்பட்டது. 2048 சொற்கள் கொண்ட ஒரு நிலையான பட்டியலிலிருந்து 12 அல்லது 24 சொற்கள் குறிப்பிட்ட வரிசையில் தரப்படுகின்றன. 12 சொற்களுக்கே 39 இலக்கம் கொண்ட எண்ணிக்கையிலான வகைகள் உண்டாதலின், ஊகித்துக் கண்டறிதல் எந்தக் கணிப்பொறிக்கும் கைகூடாது. பட்டியல் ஜப்பானியம், ஸ்பானிஷ் முதலிய மொழிகளிலும் உண்டு, தமிழில் இல்லை. ஆகவே ஆங்கிலச் சொற்களையே எழுத நேர்கிறது. முதல் நான்கு எழுத்துக்களே ஒவ்வொரு சொல்லையும் வேறுபடுத்திக் காட்டிவிடும் என்பது ஓர் ஆறுதல்.

உபரிக் கைப்பேசி, கேமரா சரியாக இயங்குவதாகவும் தாமே முன்பு உபயோகித்ததாகவும் இருத்தல் நலம். பிறர் கைமாறி வந்த கருவியின் பூர்வோத்தரம் தெரியாது. அதிலுள்ளவற்றை முழுவதும் அழித்துத் தொழிற்சாலை நிலைக்குக் கொண்டுவர வேண்டும். பின்பு சாவி காக்கும் மென்பொருளை அதன் அசல் வெளியீட்டாளரிடமிருந்து மட்டுமே பெற்று நிறுவ வேண்டும். பழைய கைப்பேசிக்கென்றே இயற்றப்பட்ட ஏர்கேப் வால்ட், போல்கடாட் வால்ட் போன்றவற்றின் மூல நிரல் யாவரும் பார்வையிடத் திறந்திருக்கிறது. பெயரை ஒத்த போலிகளும் உலவுகின்றன, ஜாக்கிரதை தேவை. நிறுவியதும் சிம் அட்டையை அகற்றி, வைஃபையின் கடவுச்சொல்லை மறக்கச் செய்து, புளூடூத்தையும் நிறுத்தி, விமானப் பயண நிலையில் வைக்க வேண்டும். இவை யாவும் முடிந்த பின்னரே சாவியை உண்டாக்க வேண்டும். இவ்வரிசை மாறலாகாது. இணையத்தோடு இணைந்திருந்த நேரத்தில் பிறந்த சாவியைப் பின்னர்த் தனிமைப்படுத்துவதால் பயனில்லை.

தொடர்பற்ற கருவி பணத்தை எவ்வாறு அனுப்பும் என ஐயம் எழலாம். அன்றாடக் கைப்பேசியில் கணக்கைப் பார்ப்பதற்கு மட்டுமான மென்பொருள் இருக்கும். அதனிடம் சாவி இராது. அது இன்னாருக்கு இவ்வளவு என்னும் கட்டளையை எழுதி, கட்டங்கள் நிறைந்த கியூஆர் குறியாகத் திரையில் காட்டும். உபரிக் கைப்பேசி தன் கேமராவினால் அதைப் படித்து, முகவரியையும் தொகையையும் தன் திரையில் காட்டி, ஒப்புதல் பெற்றதும் கையொப்பமிட்டு, வேறொரு குறியாகத் திருப்பிக் காட்டும். அன்றாடக் கைப்பேசி அதைப் படித்து இணையத்தில் சேர்க்கிறது. இரண்டு கருவிகளுக்கிடையே ஒளியன்றி வேறெதுவும் செல்வதில்லை. இங்கே உபரிக் கைப்பேசியின் திரையில் தோன்றும் முகவரியை எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பார்ப்பதே காவலின் உயிர்நிலை. படிக்காமல் ஒப்பமிடுவோருக்கு வசீர்எக்ஸில் நிகழ்ந்ததே தம் வீட்டிலும் நிகழக்கூடும்.

கைப்பேசி நீடித்து வாழும் பொருளன்று. அதன் லித்தியம் மின்கலம் சில ஆண்டுகளில் உப்பிவிடலாம். சும்மா கிடந்தே செயலிழக்கலாம். உண்மையான சேமிப்பு அச்சொற்கள் எழுதிய தாளே. அதைப் புகைப்படம் எடுத்தால் படம் தானாகவே இணையச் சேமிப்பிற்கு ஏறிவிடக்கூடும். ஆதலால் கையால் எழுதி, இரு பிரதிகளாக இரு வேறு இடங்களில் வைக்க வேண்டும். மாஹிம் கடற்கழியில்தான் மித்தி ஆறு கடலை அடைகிறது. 2005 ஜூலை 26 அன்று சாந்தாக்ரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்து அவ்வாறு பெருகியபோது தரைத்தளத்து வீடுகளில் காகிதங்கள் என்னவாயின என்பதை அப்பகுதியினர் அறிவர். எனவே துருப்பிடிக்காத எஃகுத் தகட்டில் பொறித்து வைப்பது சாலச் சிறந்தது. நம்மவர் சீர்ப் பாத்திரங்களில் பெயர் வெட்டும் வழக்கம் நினைவுக்கு வரும். ஆனால் பெயர் வெட்டுபவரிடம் இச்சொற்களைக் கொடுத்தல் கூடாது. எழுத்து உளிகளை வாங்கித் தாமே பொறிக்க வேண்டும்.

பணம் முழுவதையும் மாற்றுமுன் ஒரு சோதனை அவசியம். சிறு தொகை ஒன்றை அனுப்பியபின், உபரிக் கைப்பேசியைத் துணிந்து முழுவதும் அழித்துவிட்டு, தாளிலுள்ள சொற்களைக் கொண்டே சாவியை மீட்டுப் பார்க்க வேண்டும். மீளாவிடில் எழுதியதில் பிழையுண்டு, நஷ்டம் சிறிதே. பெருந்தொகை வைத்திருப்போர், இதற்கென்றே தயாரித்து 2014 முதல் விற்கப்படும் தனிக் கருவிகளை நாடுதல் மேல். விமானப் பயண நிலை என்பது மென்பொருளின் வாக்குறுதியே. வானொலிச் சில்லு உள்ளேதான் இருக்கிறது.

சாவியைத் தாமே வைத்திருப்பதனால் வரி நீங்காது. 2022 ஏப்ரல் முதல் இவற்றின் ஆதாயத்திற்கு 30 சதவீத வருமான வரி விதிக்கப்பட்டுள்ளது. மேலும், எந்த அதிகாரியும் எந்த நிறுவனமும் அப்பன்னிரண்டு சொற்களைக் கேட்பதற்கு நியாயமான காரணம் ஒன்றுமில்லை, கேட்பவர் திருடரே. இதனை வகுப்பிலும் களத்திலும் தயங்காமல் கூறலாம். குடும்பத்தில் நம்பத்தக்க ஒருவருக்குத் தகடு இருக்குமிடத்தைத் தெரிவித்து வைக்கவும் வேண்டும், வாரிசு நியமனப் படிவம் இதற்கு இல்லையாதலால்.

உபரிக் கைப்பேசி பழுதடைந்தால் அதைக் கடையில் கொடுக்க வேண்டாம். தாளிலிருந்து சாவியை வேறொரு கருவியில் மீட்டு, சரிபார்த்து, பழையதை அழித்த பிறகே தாராவியின் பழம்பொருள் வியாபாரியிடம் போடலாம்.