தலை சாய்ந்த பஞ்சு



"தான் பிடிச்ச முயலுக்கு மூணு கால்" என்று ஒரு பழமொழி உண்டு. எங்கள் வீட்டு முயல் பஞ்சுவுக்கு நாலு காலும் நல்லாத்தான் இருக்கு. கழுத்துதான் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கு. வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாம் "இன்னா, உங்க முயல் எதையோ யோசிக்குது?" என்று கேட்பார்கள். அது யோசிக்கவில்லை. அதுக்கு ஒரு நோய் வந்துபோன அடையாளம் அது. அந்த நோய் ஏன் வருகிறது, வந்தால் எப்படிப் பார்த்துக்கொள்ளணும் என்று நான் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

பஞ்சு வந்த கதை

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை பெய்தது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். அப்போது நான் ஏழாம் வகுப்பு. வெள்ளம் வடிந்த பிறகு, பூட்டிக்கிடந்த ஒரு கடைக்குப் பின்னாடி கம்பிக் கூண்டில் இந்த வெள்ளை முயல் நனைந்துபோய்க் கிடந்தது. யாருடையது என்று கேட்டோம். யாரும் வரவில்லை. வீட்டுக்குத் தூக்கி வந்துவிட்டேன்.

பத்து நாள் நல்லாத்தான் சாப்பிட்டது. ஒருநாள் காலையில் பார்த்தால் தலை வலது தோள் மேலே மடங்கிக் கிடக்கிறது. எழுந்து நிற்கப் பார்த்தால் உருள்கிறது. நிறுத்தினால் மறுபடி உருள்கிறது. கண்மணி இப்படியும் அப்படியும் ஆடிக்கிட்டே இருந்தது. நான் வலிப்பு என்று நினைத்து அழுதுவிட்டேன்.

"கண்ணு பட்டுட்சி" என்றார் ஒரு பெரியம்மா. "பொழைக்காது, கறிக்காவது குடுத்துடு" என்றார் பக்கத்து வீட்டு மாமா. எங்க ஆயா, "அது படற பாடு பாக்க முடியல, எங்கனா வுட்டுட்டு வா" என்றது. அந்த மாதம் எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் கலந்து, அப்பா படகு எடுக்காத நேரம். வீட்டில் காசு இல்லை. அதனால் ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று கேட்கவே எனக்குப் பயம்.

நான் செய்ய இருந்த தப்பு

அண்ணனுக்குத் தொண்டைவலிக்கு வாங்கிய அமாக்சிசிலின் மாத்திரை மீதி இருந்தது. அதில் பாதியை உடைத்துத் தண்ணீரில் கரைத்து வைத்தேன். பஞ்சு வாயையே திறக்கவில்லை. அதனால்தான் அது இன்றைக்கு உயிரோடு இருக்கிறது. ஏன் என்று கீழே சொல்கிறேன்.

மறுநாள் அம்மாவே கூடையை எடுத்து, "வா, போய்ப் பாத்துட்டு வரலாம்" என்றார். அத்திப்பட்டு புதுநகரில் ரயில் ஏறி சென்ட்ரலில் இறங்கி, வேப்பேரியில் இருக்கும் சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குப் போனோம். அந்தக் கல்லூரி 1903-இல் ஆரம்பித்தது. மாடு, நாய், கிளி எல்லாம் வரிசையில் நிற்க, நாங்களும் முயல் கூடையோடு நின்றோம்.

தலை ஏன் சாய்கிறது?

டாக்டர் காதுக்குள் விளக்கு அடித்துப் பார்த்தார். மூக்கு, கண், பல் எல்லாம் பார்த்தார். பிறகு எனக்கு விளங்குகிற மாதிரி சொன்னார்.

நம் காதுக்கு உள்ளே அரைவட்டமாக மூன்று சின்னக் குழாய்கள் இருக்கின்றன. அதில் ஒரு திரவம் இருக்கு. தலை அசைந்தால் அந்தத் திரவமும் அசையும். அதை வைத்துத்தான் நாம் நேராக நிற்கிறோமா, சாய்ந்திருக்கிறோமா என்று மூளைக்குத் தெரியும். முயலுக்கும் அப்படியேதான். ஒரு பக்கத்துக் காதோ, அதற்குச் சம்பந்தப்பட்ட மூளைப் பகுதியோ கெட்டால் தப்பான சேதி போகும். நேராக இருக்கும்போதே விழுகிறோம் என்று மூளை நினைத்துக்கொள்ளும். நாள் முழுக்கப் படகில் இருந்துவிட்டுக் கரையில் இறங்கினால் தரை ஆடுகிற மாதிரி இருக்குமே, அதைப்போலப் பல மடங்கு. பாவம், பஞ்சுவுக்கு உலகமே சுத்திக்கிட்டு இருந்திருக்கு.

இதற்கு முக்கியமாக இரண்டு காரணங்கள்.

1. காதுக்குள் சீழ் பிடிப்பது. மூக்கில் இருக்கும் கிருமி தொண்டை வழியாகக் காதுக்குப் போய்விடும். முயல் மூக்கால்தான் மூச்சு விடும். எங்கள் பக்கம் மாதிரி சாம்பலும் தூசியும் பறக்கிற இடத்தில் கூண்டை வாசலில் வைக்கக் கூடாது.

2. என்செபாலிட்டோசூன் குனிகுலி என்ற மிகச் சிறிய ஒட்டுண்ணி. 1922-லேயே முயல்களிடம் இதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். நோயுள்ள முயலின் மூத்திரம் வழியாக அடுத்த முயலுக்குப் பரவும். மூளையையும் சிறுநீரகத்தையும் தாக்கும். பல முயல்களின் உடம்பில் இது சத்தமே இல்லாமல் இருக்கும். பயம், பட்டினி, குளிர் என்று உடம்பு தளரும்போது தலை காட்டும். வெள்ளத்தில் நனைந்த பஞ்சுவுக்கு அப்படித்தான் ஆகியிருக்கலாம் என்றார் டாக்டர்.

எது என்று உடனே உறுதியாகச் சொல்வது கஷ்டமாம். அதனால் இரண்டுக்கும் மருந்து கொடுத்தார். அதில் பூச்சி மருந்து வகையில் ஒன்றை 28 நாள் விடாமல் கொடுக்கணும். மருந்து பெயரை நான் எழுதவில்லை. எடை பார்த்துத்தான் அளவு சொல்லணும், அதை டாக்டர்தான் சொல்லணும்.

மாத்திரை விஷயத்தைச் சொன்னதும் டாக்டர் பதறிவிட்டார். முயலின் குடலில் புல்லைச் செரிக்க வைக்கும் நல்ல கிருமிகள் இருக்கின்றன. அமாக்சிசிலின் மாதிரி மருந்தை வாய் வழியாகக் கொடுத்தால் அவை செத்துப்போய், கெட்ட கிருமி பெருகி, கழிச்சல் வந்து முயல் செத்துவிடும். முயலால் வாந்தி எடுக்கவும் முடியாது. உள்ளே போனது போனதுதான்.

நான் பார்த்துக்கொண்ட விதம்

மருந்து பாதி, கவனிப்பு பாதி என்று டாக்டர் சொல்லி அனுப்பினார்.

* சின்ன அட்டைப் பெட்டியில் பழைய புடவையை மெத்தையாகப் போட்டு, இரண்டு பக்கமும் துண்டைச் சுருட்டி அணை கட்டினேன். உருண்டாலும் அடிபடாது. மேலே துணி போட்டு வெளிச்சத்தையும் சத்தத்தையும் குறைத்தேன்.

* தீனி நிற்கவே கூடாது. அரை நாள் சாப்பிடாவிட்டாலே முயலின் குடல் நின்றுபோகும். அருகம்புல், கொத்தமல்லித் தழை எல்லாம் கழுவி வாய்க்கிட்டேயே வைத்தேன். சாப்பிடாதபோது அரைத்து, ஊசி இல்லாத சிரிஞ்சில் எடுத்து, வாயின் ஓரமாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தேன். அவசரப்பட்டால் நுரையீரலுக்குப் போய்விடும்.

* தண்ணீரைப் பாட்டிலில் வைக்காமல், கவிழாத தட்டையான மண்சட்டியில் வைத்தேன்.

* கீழ்ப்பக்கத்துக் கண் தரையில் உரசிப் புண்ணாகும். கொதித்து ஆறிய தண்ணீரில் பஞ்சை நனைத்துத் துடைத்து, டாக்டர் கொடுத்த சொட்டு மருந்தை விட்டேன்.

* பின்பக்கம் ஈரமாக இருந்தால் ஈ முட்டை வைத்துப் புழு வந்துவிடும். தினமும் துடைத்துத் துணி மாற்றினேன். பிறகு சோப்பு போட்டுக் கை கழுவினேன்.

* காதைப் பிடித்துத் தூக்கவே கூடாது. ஒரு கையை நெஞ்சுக்கு அடியிலும் ஒரு கையைப் பின்னங்காலுக்கு அடியிலும் கொடுத்து, நம் உடம்போடு அணைத்துத் தூக்கணும்.

* தினமும் காலையில் புழுக்கையை எண்ணி நோட்டில் எழுதினேன். அண்ணன் "புழுக்கை கணக்குப்புள்ள" என்று கேலி செய்தான். ஆனால் எண்ணிக்கை குறைந்தால் வயிறு சரியில்லை என்று அதை வைத்துத்தான் தெரியும்.

முதல் வாரம் ஒரு முன்னேற்றமும் இல்லை. ஆறாம் நாள் ராத்திரி நானே ஆயா சொன்னது சரிதானோ என்று நினைத்தேன். ஒன்பதாம் நாள் உருள்வது நின்றது. மூன்றாவது வாரம் தானாக எழுந்து, சுவரில் சாய்ந்துகொண்டே நடந்து, சட்டியில் இருந்த கீரையைத் தின்றது. அன்றைக்கு அப்பாதான் முதலில் பார்த்துக் கூப்பிட்டார். தப்பான சேதிக்கு மூளை மெல்ல மெல்லப் பழகிக்கொள்ளுமாம். அதுவரைக்கும் முயலை உயிரோடு வைத்திருப்பதுதான் நம் வேலை.

எல்லா முயலும் பிழைக்கும் என்று நான் சொல்லவில்லை. சிலது பிழைக்காது. சிலதுக்குத் தலை முழுக்க நேராகிவிடும். பஞ்சுவுக்குக் கொஞ்சம் சாய்வு நின்றுவிட்டது. அதனால் அதுக்கு ஒரு குறையும் இல்லை. ஓடும், குதிக்கும், என் செருப்பைக் கடிக்கும். "எங்கனா வுட்டுட்டு வா" என்ற ஆயாதான் இப்போது சந்தையிலிருந்து கொத்தமல்லிக் காம்பை முந்தானையில் முடிந்து கொண்டுவருகிறது.

உங்களுக்குத் தெரியுமா?

வீட்டு முயலின் மூதாதைகள் ஸ்பெயின், போர்ச்சுகல் பக்கத்தைச் சேர்ந்தவை. நம் வெயில் அவற்றுக்கு ஆகாது. அதனால்தான் நம் மாநிலத்தில் முயல் வளர்ப்பு ஆராய்ச்சி கொடைக்கானல் மலையில் மன்னவனூரிலும், நீலகிரியில் சாண்டிநல்லாவிலும் நடக்கிறது. நம் காட்டு முயல் வேறு இனம். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதைப் பிடிக்கவோ வளர்க்கவோ கூடாது.

கடைசியாக ஒன்று. அழகாக இருக்கு என்று முயல் வாங்கி, நோய் வந்ததும் தெருவில் விடாதீர்கள். ஒரு பிராணி கோணலாக நின்றால் உடனே செத்துப்போகும் என்று முடிவு கட்டாதீர்கள். முதலில் கால்நடை டாக்டரிடம் காட்டுங்கள். அப்புறம் அதுக்குக் கொஞ்சம் நாள் கொடுங்கள்.



– ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி