மூட்டை தூக்காத மிளகுக்காரர்கள்!

கொச்சி மட்டாஞ்சேரி யூதர் தெருவுக்கு வருகிறவர்கள் 1568-இல் கட்டிய பரதேசி யூத ஜெபாலயத்தைப் பார்ப்பார்கள், பழம்பொருள் கடையில் விலை கேட்டு மலைப்பார்கள், கிளம்பிவிடுவார்கள். அதே தெருவில்தான் ஒரு காலத்தில் மிளகு விலை துள்ளிக் குதித்துக்கொண்டிருந்தது! வாங்க, உள்ளே எட்டிப் பார்ப்போம்.

இந்திய மிளகு, நறுமணப் பொருள் வணிகச் சங்கம், சுருக்கமாக ‘இப்ஸ்டா’. பின்னால் கைக்கு வரும் சரக்குக்கு முன்கூட்டியே விலை பேசும் முன்பேரச் சந்தை இது. 1957-இல் தொடங்கி, 1997-இல் வெளிநாட்டு வியாபாரிகளுக்கும் கதவைத் திறந்தது. கணினி வரும்வரை எல்லாம் வாய்ப்பேரம்தான். கையை நீட்டிக் கத்து கத்தென்று கத்தினால்தான் வியாபாரம்! ஆனால் அங்கே கைமாறியது மூட்டை அல்ல, கணிப்பு. இடுக்கியில் மழை எப்படி, வியட்நாமில் அறுவடை எப்போது, டாலர் எங்கே நிற்கிறது? இதெல்லாம் விரல்நுனியில் இருந்தால்தான் தரகருக்குக் கமிஷன்.

அடுத்து, கிடங்குப் பக்கம் போவோம். மூட்டையில் குத்தூசி செருகி மாதிரி எடுக்கிறார்கள். ஒரு லிட்டர் பாத்திரத்தில் நிரப்பி எடை போடுகிறார்கள். 550 கிராம் நின்றால் முகம் மலர்கிறது. பொக்கு மிளகு கலந்திருந்தால் லிட்டர் எடை காட்டிக்கொடுத்துவிடும். இன்னொரு ரகசியம்: உலகமே கொண்டாடும் ‘தலச்சேரி’ மிளகு தலச்சேரியில்தான் விளைய வேண்டும் என்பதில்லை! 4.25 மில்லிமீட்டர் சல்லடையில் மணி தங்கிவிட்டால் அது தலச்சேரி ரகம். வயநாட்டு மிளகுக்கும் அந்தப் பட்டம் உண்டு.

காயலுக்கு அக்கரையில், வில்லிங்டன் தீவில் 1947 முதல் தேயிலை ஏலம். அங்கே சுவை பார்ப்பவர்கள் சர்ர்ரென்று உறிஞ்சி, நாக்கில் உருட்டி, துப்பிவிட்டு மதிப்பு சொல்கிறார்கள். இப்படியும் ஒரு உத்தியோகம்!

தரகர், தரம் பார்ப்பவர், சரக்கைச் சோதிக்கும் ஆய்வகம், பேரத்தின் கணக்குத் தீர்க்கும் நிறுவனம் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் பொருளாதார நிபுணர்கள் ‘அறிவுசார் வணிகச் சேவைகள்’ என்கிறார்கள். ஐ.டி. பூங்காவில் மட்டும்தான் அது இருக்கும் என்று யார் சொன்னது? அந்த அறிவு கோட்டைவிட்டால் என்ன ஆகும் என்பதையும் கொச்சி பார்த்துவிட்டது. 2012 டிசம்பரில், முன்பேரச் சந்தைக்காகக் கிடங்குகளில் இருந்த மிளகில் கனிம எண்ணெய் இருப்பது தெரிந்து, உணவுப் பாதுகாப்புத் துறை ஆயிரக்கணக்கான டன்னுக்குச் சீல் வைத்தது. சரக்கு இருந்தது, நம்பிக்கை போய்விட்டது.

இன்று கூச்சல் ஓய்ந்துவிட்டது. விளைச்சலில் வியட்நாம் எங்கோ போய்விட்டது. ஆனாலும் கொச்சி விலை என்ன என்று கேட்டுவிட்டுத்தான் மலை விவசாயி மூட்டையை இறக்குகிறார். பூச்சிமருந்து எச்சம் உண்டா, பூஞ்சை நச்சு உண்டா என்று இதே கொச்சியிலுள்ள நறுமணப் பொருள் வாரியத்தின் ஆய்வகம் சோதித்துச் சொன்னால்தான் சரக்கு தைரியமாகக் கப்பல் ஏறும்.

கொடியில் காய்ப்பது வெறும் மிளகு. அதன் தரத்தை எடுத்துச் சொல்ல ஆள் இருந்தால்தான் விவசாயிக்கு நல்ல விலை. உரத்துக்கு மானியம் கொடுக்கும் அரசு, ஊருக்கு ஊர் ஓர் ஆய்வகமும் கொடுக்கட்டும்!