நிறுவனப் பெயர்த் தேடலில் தமிழ் ஒலிப்பும் எழுத்துப்பெயர்ப்பும்: செயற்கை நுண்ணறிவு முகவர்களுக்கான தேடுகருவியை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

வணிகப் பதிவேடுகளில் நிறுவனப் பெயர்களைத் தேடும் பணி செயற்கை நுண்ணறிவு முகவர்களிடம் ஒப்படைக்கப்பட்டு வருகிறது. இந்தியப் பதிவேட்டில் தமிழ்ப் பெயர்கள் ஆங்கில எழுத்தில் இடம்பெறுவதால் அத்தேடலில் இருவகைப் பிழைகள் நேர்கின்றன. ஒரே பெயர் பலவாகப் பிரிதல் ஒன்று. பல பெயர்கள் ஒன்றாகக் கலத்தல் மற்றொன்று. இவற்றின் மொழியியல் காரணங்களையும் தீர்வுகளையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: நிறுவனப் பெயர், எழுத்துப்பெயர்ப்பு, ஒலிப்பு, வணிகப் பதிவேடு, செயற்கை நுண்ணறிவு முகவர்

முன்னுரை

சென்னையின் மேற்குப் புறநகரில், போரூருக்கும் பூந்தமல்லிக்கும் இடையே அமைந்த ஊர் காட்டுப்பாக்கம். இதற்கு வடக்கே 1960களில் உருவான அம்பத்தூர் தொழிற்பேட்டை உள்ளது. இத்தகைய தொழிற்பகுதிகளில் பெரிய ஆலைகளுக்கு உதிரிபாகம் வழங்கும் சிறு பட்டறைகள் பல. கொள்முதல் ஆணை வழங்குமுன் ‘இப்பெயரில் நிறுவனம் உண்டா, இன்றும் இயங்குகிறதா’ என்று பதிவேட்டில் சரிபார்ப்பது ஆலைகளின் வழக்கம். எழுத்தர் செய்துவந்த இவ்வேலையை இனி முகவர் மென்பொருள் செய்யும். ஐயம் எழுந்தால் எழுத்தர் தொலைபேசியில் கேட்டறிவார். முகவரோ கருவி தரும் விடையைக் கொண்டே அடுத்த செயலுக்குச் செல்லும். விடை தவறாயின் பட்டறைக்கு வர வேண்டிய ஆணை நின்றுபோகலாம். வேறொரு நிறுவனத்தின் கடன் வரலாறு அதன்மேல் ஏறலாம்.

பெயர்ப்பலகையும் பதிவேடும்

கம்பெனிகள் சட்டம், 2013இன் 12(3)ஆம் பிரிவின்படி ஒரு நிறுவனம் தன் பெயரை அலுவலகத்தின் வெளியே எழுதிவைக்க வேண்டும். அவ்வெழுத்து அவ்வட்டாரத்தில் வழங்கும் மொழிக்குரியதாக இல்லாவிடில், அம்மொழி எழுத்திலும் எழுத வேண்டும். எனவே காட்டுப்பாக்கத்தில் இயங்கும் நிறுவனத்தின் பலகையில் தமிழ் இடம்பெறுவது சட்டத்தின் எதிர்பார்ப்பாகும். ஆனால் பெருநிறுவன விவகார அமைச்சகம் 2006இல் தொடங்கிய ‘எம்சிஏ21’ மின்பதிவேட்டில் பெயர்கள் ஆங்கில எழுத்தில்தான் உள்ளன. தெருவில் உள்ள பெயரையும் பதிவேட்டில் உள்ள பெயரையும் இணைக்கும் பாலமாகக் கருவியே அமைய வேண்டியுள்ளது.

ஒரு பெயர் பலவாதல்

ஒலிப்பொப்புமைத் தேடலுக்குப் பரவலாகப் பயன்படும் பழைய முறை சவுண்டெக்ஸ் ஆகும். 1918இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற இம்முறை சொல்லின் முதலெழுத்தை அப்படியே வைத்துக்கொள்கிறது, ஏனைய மெய்களை ஆறு வகைகளாகப் பகுத்து எண்ணாக்குகிறது, உயிர்களை விட்டுவிடுகிறது. ஆங்கிலப் பெயர்களுக்காக அமைந்த இப்பகுப்பு தமிழுக்கு முழுமையாகப் பொருந்துவதில்லை.

‘தமிழ்’ என்னும் சொல்லின் ஈற்று ழகரத்தை ‘எல்’ கொண்டு எழுதினால் ‘டி540’ என்ற குறியீடும், ‘இசட், எச்’ கொண்டு எழுதினால் ‘டி520’ என்ற குறியீடும் கிடைக்கும். ‘செல்வம்’ என்பதை ‘எஸ்’ கொண்டு தொடங்கினால் ‘எஸ்415’. ‘சி, எச்’ கொண்டு தொடங்கினால் ‘சி415’. ‘லட்சுமி’யை ‘கே, எஸ், எச்’ கொண்டு எழுதினும் ‘எக்ஸ்’ கொண்டு எழுதினும் ‘எல்250’ என ஒன்றுபடுகிறது. ‘டி, சி, எச்’ கொண்டு எழுதினால் ‘எல்325’ எனப் பிரிந்துவிடுகிறது.

கம்பெனிகள் (உருவாக்க) விதிகள், 2014இன் 8ஆம் விதி, எழுத்துக்கூட்டல் வேறுபட்டும் ஒலிப்பால் ஒத்த பெயர்களை வேறு பெயர்களாகக் கொள்வதில்லை. சட்டம் ஒன்றெனக் கருதுவதைக் கருவி இரண்டெனக் காட்டுவது இங்குள்ள முரண்.

பல பெயர் ஒன்றாதல்

இரண்டாவது பிழை இதற்கு நேர்மாறானது. ஆங்கில எழுத்தில் குறில், நெடில் வேறுபாடு பெரும்பாலும் காட்டப்படுவதில்லை. லகர ளகரங்களும் னகர ணகரங்களும் ஒரே வடிவம் பெறுகின்றன. ஆதலால் ‘பட்டு’ என்று தொடங்கும் துணி நிறுவனமும் ‘பாட்டு’ என்று தொடங்கும் இசை நிறுவனமும் ஒரே எழுத்துக்கூட்டலில் அமையலாம். பலம், பாலம் ஆகியவற்றின் நிலையும் அதுவே.

ஊர்ப்பெயரும் இதற்கு விலக்கன்று. பூந்தமல்லி அருகிலுள்ள காட்டுப்பாக்கத்தைத் தவிர, தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் வேளாண் அறிவியல் நிலையம் அமைந்துள்ள காட்டுப்பாக்கமும் உண்டு. அது செங்கல்பட்டு மாவட்டத்தில் காட்டாங்கொளத்தூர்ப் பகுதியில் உள்ளது. பெயரும் ஊரும் ஒத்தாலும் நிறுவனம் ஒன்றே என முடிவு செய்தல் இயலாது. அஞ்சல் குறியீட்டெண் 600இல் தொடங்குகிறதா, 603இல் தொடங்குகிறதா என்பதே இவ்விரண்டையும் பிரித்துக்காட்டும்.

‘காணப்படவில்லை’ என்பதன் பொருள்

பதிவேட்டில் பெயர் இல்லாமை வேறு. நிறுவனம் இல்லாமை வேறு. சிறு பட்டறைகள் பல தனியுரிமை நிறுவனங்களாகவோ கூட்டாண்மை நிறுவனங்களாகவோ நடைபெறுகின்றன. இந்தியக் கூட்டாண்மைச் சட்டம், 1932இன்கீழ்ப் பதிவு கட்டாயமன்று. இவற்றை எம்சிஏ21இல் தேடினால் கிடைக்கமாட்டா. இவற்றிற் சில சரக்கு மற்றும் சேவை வரிப் பதிவிலோ, 2020 ஜூலை முதல் வழங்கப்படும் உத்யம் பதிவிலோ இடம்பெற்றிருக்கலாம். கருவி ‘இல்லை’ என்று மட்டும் விடை தந்தால், நேர்மையாகத் தொழில் செய்யும் பட்டறையைப் போலி நிறுவனம் என முகவர் கருத நேரிடும்.

கருவி அமைய வேண்டிய முறை

மேற்கண்டவற்றால் நான்கு நெறிகள் பெறப்படுகின்றன. முதலாவது, பெயரின் தமிழ் வடிவத்தை மூலமாகக் கொண்டு, அதற்கு வழங்கக்கூடிய ஆங்கில எழுத்துக்கூட்டல்கள் அனைத்தையும் உருவாக்கித் தேட வேண்டும். ஆங்கில வடிவத்திலிருந்து தமிழை ஊகித்தால் குறில், நெடில் வேறுபாட்டை மீட்பது கடினம். இரண்டாவது, ஒற்றை விடைக்கு மாறாகப் பொருந்தக்கூடிய பெயர்களின் பட்டியலை, பொருந்தும் காரணத்துடன் தர வேண்டும். மூன்றாவது, 21 எழுத்தும் எண்ணும் கொண்ட நிறுவன அடையாள எண்ணாலும் முகவரியாலும் உறுதிசெய்ய வேண்டும். மாநிலமும் பதிவாண்டும் அவ்வெண்ணிலேயே அடங்கியுள்ளன. நான்காவது, ‘காணப்படவில்லை’ என்னும் விடையுடன் எந்தெந்தப் பதிவேடுகள் தேடப்பட்டன என்பதையும் கூற வேண்டும்.

பதிவேடும் இதற்குத் துணைசெய்யலாம். ஜப்பானில் 13 இலக்க நிறுவன எண்ணுடன் வெளியிடப்படும் தரவில், பெயரின் ஒலிப்பைக் காட்டும் ‘ஃபுரிகானா’ 2018 முதல் இடம்பெறுகிறது. இந்தியப் பதிவேட்டிலும் பெயரின் தாய்மொழி வடிவத்துக்கு ஒரு கட்டம் ஒதுக்கப்பட்டால் மேற்கூறிய ஊகங்களுள் பெரும்பாலானவை தேவையற்றுப்போகும்.

முடிவுரை

நிறுவனப் பெயர்த் தேடல் கணினியியல் சிக்கலாக மட்டும் பார்க்கப்படுகிறது. தமிழ்ப் பெயர்களைப் பொறுத்தவரை அது எழுத்திலக்கணச் சிக்கலும் ஆகும். குறில் நெடிலையும் மெய்களின் வேறுபாட்டையும் அறியாத கருவி, விரைவாகத் தேடினாலும் பிழையான நிறுவனத்தையே விரைவாகத் தரும். அப்பிழையின் விலையைச் செலுத்துவோர் கருவியை அமைத்தோர் அல்லர். தம் பெயரைத் தமிழில் எழுதி வைத்துத் தொழில் நடத்தும் சிறு உற்பத்தியாளர்களே.