வீட்டிலேயே கடலை சாக்லேட்!

தாய்மார்களே! பிள்ளைகள் கடையில் அடம்பிடித்துக் கேட்கும் கடலை சாக்லேட்டை வீட்டிலேயே செய்யலாம். அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தின் ஹெர்ஷி ஊரில், பால் பண்ணையில் வேலை பார்த்தவர் ரீஸ். பெரிய குடும்பத்தைக் காப்பாற்ற, வீட்டின் நிலவறையில் மிட்டாய் செய்து விற்றார். 1928-இல் அவர் செய்த கடலை சாக்லேட் உலகப் புகழ் பெற்றது. அவருக்கு முடிந்தது நமக்கு முடியாதா?

தேவையானவை: நிலக்கடலை 250 கிராம், பொடித்த சீனி 100 கிராம், வெண்ணெய் 50 கிராம், சாக்லேட் கட்டி 200 கிராம், உப்பு ஒரு சிட்டிகை.

முதல் வேலை கடலையைப் பொறுக்குவது. நம் ஊர் ஈரக்காற்றில் கடலை சீக்கிரம் பூஞ்சணம் பிடிக்கும். அதில் உண்டாகும் அப்ளாடாக்சின் என்ற நஞ்சு ஈரலைக் கெடுக்கும்; வறுத்தாலும் முழுவதும் போகாது. சுருங்கியது, கறுத்தது, கசப்பது எதையும் காசு பார்க்காமல் கொட்டிவிடுங்கள்.

நல்ல கடலையை வறுத்துத் தோல் நீக்கி, தண்ணீர் விடாமல், எண்ணெய் கசியும்வரை அரையுங்கள். வெண்ணெய், சீனி, உப்பு சேர்த்துப் பிசைந்து, சிறு நெல்லிக்காய் அளவு உருட்டி 1 மணி நேரம் குளிர்பெட்டியில் வையுங்கள்.

சுடுநீர்ப் பாத்திரத்தின் மேல் கிண்ணம் வைத்துச் சாக்லேட்டை உருக்குங்கள். ஒரு சொட்டு நீர் விழுந்தாலும் திரிந்து கட்டியாகிவிடும், கவனம்! உருண்டைகளைக் குச்சியில் குத்தி முக்கியெடுத்து, எண்ணெய் தடவிய தட்டில் அடுக்கி, மீண்டும் குளிர வையுங்கள். வெளியே வைத்தால் நம் வெயிலுக்கு இளகிவிடும்.

சின்னக் குழந்தைகளுக்குப் பிட்டுப் பிட்டுக் கொடுங்கள். கடலை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு வேண்டவே வேண்டாம். வரும் தீபாவளிக்கு முறுக்கோடு இதையும் தட்டில் வையுங்கள். எது முதலில் காலியாகிறது என்று பாருங்கள்!