ஹிஜ்ரி கைக்கடிகாரம் பிறைக்குத் தீர்ப்புச் சொல்லுமா?

ஜெனீவாவில் ஆண்டுதோறும் வழங்கப்படும் கடிகார விருதுகளில், 2020 ஆம் ஆண்டு புத்தாக்கத்துக்கான பரிசு சுவிஸ் நிறுவனமான பார்மிஜியானியின் ஒரு கைக்கடிகாரத்துக்குக் கிடைத்தது. அதன் முகப்பில் ஜனவரி, பெப்ரவரி இல்லை. முஹர்ரம் முதல் துல்ஹஜ் வரையான எமது மாதங்களே அரபு எழுத்தில் இருக்கின்றன. உள்ளே மின்கலம் இல்லை, மின்சுற்றும் இல்லை. பற்சில்லுகளும் சுருள்வில்லும் சேர்ந்தே இந்த மாதம் 29 நாளா 30 நாளா என்று கணித்து நகர்கின்றன.

இதைக் கேள்விப்படும் எம்மவர்களுக்கு இரண்டு கேள்விகள் எழும். இத்தகைய கடிகாரங்களைச் சிலர் ஏன் பெரும் பணம் கொடுத்துச் சேகரிக்கிறார்கள்? இனிமேல் பிறைச் சர்ச்சைக்கு இதுவே தீர்ப்பாகுமா?

முதலில் விலை. மணி, நிமிடம், செக்கன் தவிர ஒரு கடிகாரம் மேலதிகமாகக் காட்டும் ஒவ்வொன்றையும் அத்துறையினர் 'கொம்ப்ளிகேஷன்' என்பார்கள். அமெரிக்க வங்கியாளர் ஹென்றி கிரேவ்ஸுக்காக பட்டேக் பிலிப் நிறுவனம் செய்து 1933 இல் ஒப்படைத்த சட்டைப்பைக் கடிகாரத்தில் இப்படி 24 இருந்தன. கணினி இல்லாத காலத்து வேலை அது. 2014 இல் ஜெனீவா ஏலத்தில் 2 கோடியே 32 இலட்சம் சுவிஸ் பிராங்குக்கு விலைபோனது. 2019 இல் அதே நிறுவனத்தின் கைக்கடிகாரம் ஒன்று, தசைச்சிதைவு நோய் ஆராய்ச்சிக்கு நிதி திரட்டும் ஏலத்தில் 3 கோடியே 10 இலட்சம் பிராங்க் பெற்றது. அது தங்கமல்ல, உருக்கு. அந்த வகையை உருக்கில் ஒன்றே ஒன்றுதான் செய்தார்கள் என்பதும் விலையை ஏற்றியது.

நுட்பம் வேறு, அரிது வேறு என்பதையும் கவனிக்க வேண்டும். தமிழக பா.ஜ.க. தலைவராக இருந்த அண்ணாமலை கட்டியிருந்த ரபேல் கடிகாரம் 2022 டிசம்பரில் பெரும் விவாதமானது நினைவிருக்கும். அதில் இருந்த மேலதிக வேலை நேரம் அளக்கும் நிறுத்துகடிகாரம்தான். பல கடிகாரங்களில் உள்ளதே. உலகில் 500 மட்டுமே செய்யப்பட்டது என்பதே அதன் பெருமை. கர்நாடக முதலமைச்சர் சித்தராமையா, தமக்குப் பரிசாக வந்த ஹுப்லோ கடிகாரம் சர்ச்சையானதும் 2016 இல் அதை அரசிடமே ஒப்படைத்தார்.

ஹிஜ்ரி கடிகாரத்தின் மதிப்பு அதன் கணக்கில் இருக்கிறது. ஒரு சந்திர மாதம் சராசரியாக 29 நாள், 12 மணி, 44 நிமிடம். நிலவின் வடிவம் காட்டும் வழமையான கடிகாரத்தில் 59 பற்கள் கொண்ட சில்லில் இரண்டு நிலவுகள் வரைந்திருப்பார்கள். நாளுக்கு ஒரு பல் நகர்ந்தால் ஒரு நிலவுக்கு இருபத்தொன்பதரை நாள். விடுபட்ட 44 நிமிடம் சேர்ந்து சேர்ந்து ஏறத்தாழ 33 மாதங்களில் ஒரு நாள் பிழைத்துவிடும்.

அதே 44 நிமிடம் 12 மாதங்களில் 8 மணி 48 நிமிடமாகிறது. 30 ஆண்டுகளில் 11 நாளாகிறது. அதனால்தான் முற்கால வானியலாளர்கள் 30 ஆண்டுச் சுற்று ஒன்றை வகுத்தார்கள். அதில் 19 ஆண்டுகளுக்கு 354 நாள், 11 ஆண்டுகளுக்கு 355 நாள். மேலதிக நாள் துல்ஹஜ்ஜில் சேரும். இந்தச் சுற்றைத்தான் அக்கடிகாரம் பற்சில்லுகளில் ஏற்றி வைத்திருக்கிறது.

இது மேற்குலகம் எமக்குப் புதிதாகத் தந்ததல்ல. ஹிஜ்ரி 618 இல், அதாவது 1221 அளவில், இஸ்பஹானில் முஹம்மது இப்னு அபீ பக்ர் செய்த அஸ்தர்லாப் ஒன்று இன்று ஒக்ஸ்போர்ட் அருங்காட்சியகத்தில் உள்ளது. அதன் உள்ளிருக்கும் பற்சில்லுகள் நிலவின் வடிவத்தைச் சிறு சாளரத்தில் காட்டும். டமஸ்கஸ் உமையா பள்ளிவாசலில் தொழுகை நேரம் கணிக்கும் முவக்கித்தாக இருந்தவர் இப்னு அஷ்ஷாதிர் என்ற பெரும் வானியலாளர்.

அல்லைப்பிட்டியில் நான் கற்பிக்கும் வகுப்பில் இந்தக் கணக்கைக் கரும்பலகையில் போட்டுக் காட்டினேன். பிள்ளைகளில் பலர் கடற்றொழிலாளர் வீட்டார். பறுவத்துக்கும் அமாவாசைக்கும் கடல் எப்படி ஏறி வற்றும் என்பதை எனக்கே சொல்லித் தருபவர்கள். "சேர், நிலவைப் பார்த்தாலே தெரியும்தானே, அதுக்கு ஏன் மணிக்கூடு?" என்று ஒரு மாணவன் கேட்டான்.

இரண்டாவது கேள்விக்கான பதில் அவனிடம்தான் இருக்கிறது. 30 ஆண்டுச் சுற்று என்பது சராசரி. அது மாதங்களை 30, 29, 30, 29 என்று மாறி மாறி அடுக்கும். அந்த அட்டவணையில் ரமழான் ஒன்பதாவது மாதம். ஆகவே எப்போதும் 30 நாள். ஆனால் 29 நோன்புடன் நாம் பெருநாள் கொண்டாடிய ஆண்டுகள் எத்தனை! பிறை பிறப்பது வேறு, மஃரிபுக்குப் பின் அது கண்ணுக்குத் தெரிவது வேறு. அடிவானத்தில் அதன் உயரமும் முகிலும் ஊருக்கு ஊர் மாறும். எந்தப் பற்சில்லுக்கும் அது தெரியாது. எனவே 29 ஆம் நாள் மாலை கொழும்புப் பெரிய பள்ளிவாசலில் கூடுவோரின் வேலையை இக்கடிகாரம் குறைக்கப்போவதில்லை. ஆவணத்துக்குத் திகதி போட அது போதும். நோன்புக்கும் பெருநாளுக்கும் போதாது.

சேகரிப்பவர்கள் சிந்திக்க வேண்டிய விடயம் ஒன்றும் உண்டு. ஆசிரியர் கலாசாலையில் பயிற்சி பெற்ற ஆசிரியன் நான், மௌலவி அல்லன். ஆயினும் ஆண்களுக்குத் தங்கம் ஆகாது என்பதும், விற்கும் நோக்கில் வாங்கிய பொருளுக்கு ஆண்டுதோறும் 2.5 வீதம் ஸகாத் உண்டு என்பதும் எல்லோரும் அறிந்ததே. கட்டுவதற்கு வாங்கிய கடிகாரத்தின் நிலை வேறு. விலை ஏறட்டும் என்று பெட்டகத்தில் பூட்டி வைத்த பத்துக் கடிகாரங்கள் எந்த வகை? பொழுதுபோக்கு என்று பெயரிட்டு இந்தக் கேள்வியைக் கடந்துபோக முடியாது. வாங்கும்போது நிய்யத் என்ன என்பதை எழுதி வைத்து, உலமாக்களிடம் கேட்டுத் தெளிவதே பாதுகாப்பு.

கடிகாரத்தை வாங்க எம்மில் பெரும்பாலோரால் முடியாது. அதன் கணக்கைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க ஒரு வெண்கட்டி போதும். அடுத்த 29 ஆம் நாள் மாலை அவர்களை மொட்டைமாடிக்கோ கடற்கரைக்கோ அழைத்துச் செல்லுங்கள். கணக்குச் சொன்னதையும் வானம் காட்டுவதையும் ஒப்பிட்டுப் பார்க்கட்டும்.

அல்லாஹ்வே மிக அறிந்தவன்.