மலைச்சாலையில் இறங்குபவர் வழிவிடுக

மன்னார்க்காட்டிலிருந்து முக்காலி வழியாக அகளிக்குச் செல்லும் மலைச்சாலையில் கொண்டையூசி வளைவுகள் பல உள்ளன. இத்தகைய சாலை குறுகும் இடங்களில், ஏறிவரும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும் என்பது விதி. ஏற்றத்தில் நின்றுவிட்ட வண்டியை மீண்டும் கிளப்புவது கடினம். இறங்குகையில் இன்ஜினை அணைக்காமல், தாழ்ந்த கியரில் செல்லுங்கள், பிரேக் சூடேறாது. பின்னால் அமர்பவருக்கும் தலைக்கவசம் கட்டாயம்.

கவனத்தையும் மீறி விபத்து நேரலாம். 2018 செப்டம்பர் 1 முதல் புதிய இருசக்கர வாகனங்களுக்கு 5 ஆண்டு மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். வாகனக் கடன் தீர்ந்த மகிழ்ச்சியில் அது முடியும் நாளை மறப்போர் உண்டு. காப்பீடு காலாவதியான வண்டி ஒருவரைக் காயப்படுத்தினால், இழப்பீடு உரிமையாளரின் சேமிப்பையே கரைக்கும். வாடிக்கையாளர்களே, இன்றே உங்கள் பாலிசியின் இறுதித் தேதியைப் பாருங்கள்.