மூவாரில் வளர்ந்த ஓவியரின் நீலமும் வெள்ளையும்

வேட்டி சட்டை பளிச்சென்று இருக்க நம் வீட்டுப் பெண்கள் ஒரு காலத்தில் நீலக்கட்டியைத் தண்ணீரில் கரைத்து அலசுவார்களே, நினைவிருக்கிறதா? அந்த நீலத்துக்கு அல்ட்ராமரின் என்று பெயர். அதே நீலம் சிங்கப்பூர் தேசியக் கலைக்கூடத்தில் பாதுகாக்கப்படும் ஓவியங்களிலும் இருக்கிறது என்றால் வியப்பாக இல்லையா?

அவற்றைத் தீட்டியவர் லியு காங். 1911-இல் சீனாவில் பிறந்தவர் என்றாலும், சிறு வயதில் வளர்ந்ததும் படித்ததும் நம் ஜொகூர் மாநிலத்து மூவாரில்தான். 1929-இல் பாரிஸ் சென்று நவீன ஓவியம் பயின்றார். 2004-இல் சிங்கப்பூரில் காலமானார்.

அவருடைய இரண்டு ஓவியங்களை ஆய்வாளர்கள் அங்குலம் அங்குலமாகச் சோதித்து 2020-இல் முடிவை வெளியிட்டார்கள். ஒன்று, 1937-இல் வரைந்த மலையேறும் காட்சி. மற்றொன்று, மலாக்காவின் செயின்ட் ஜான் கோட்டையிலிருந்து பார்க்கும் காட்சி, 1948-இல் வரைந்தது.

ஓவியத்தைச் சோதித்தால் அது பாழாகாதா என்று கேட்பீர்கள். கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத ஒரு துணுக்குதான் எடுக்கிறார்கள். மின்னணு நுண்ணோக்கியில் வைத்தால், அதில் என்னென்ன தனிமங்கள் உள்ளன என்பது தெரிந்துவிடும். நீலத்தில் இரும்பு தென்பட்டால் அது பிரஷ்ய நீலமாக இருக்கலாம். சோடியமும் கந்தகமும் சேர்ந்து தென்பட்டால், நம் சலவை நீலம்! லியு காங் இரண்டையும் பயன்படுத்தியிருக்கிறார்.

அதோடு விடவில்லை. ஆஸ்பத்திரியில் எலும்பு முறிவுக்கு எடுப்பார்களே, அந்த எக்ஸ்-ரே படமும் எடுத்தார்கள். மேல் வண்ணத்துக்கு அடியில் பழைய வண்ண அடுக்குகள் ஒளிந்திருந்தன! பாரிஸ் நாட்களிலும், கைவிட்ட படத்தின் மேலேயே அவர் வேறு படம் தீட்டியதுண்டு. கித்தான் துணி சும்மாவா கிடைக்கும்? தாளை மிச்சம் பிடிக்க நம் பிள்ளைகள் இரு பக்கமும் வரைவதில்லையா, அப்படித்தான் எனக்குத் தோன்றுகிறது.

அவருடைய வெள்ளையில் துத்தநாகம் இருந்தது, டைட்டானியமும் கலந்திருந்தது. டைட்டானியத்துக்கான கருமணல் தமிழ்நாட்டில் மணவாளக்குறிச்சிக் கடற்கரையில்கூடக் கிடைக்கிறது. இந்த டைட்டானிய வெள்ளையை ஓவியர்கள் பயன்படுத்தத் தொடங்கியது முதல் உலகப் போருக்குப் பிறகுதான். ஆகவே, அதற்கு முந்திய ஓவியம் என்று சொல்லப்படும் ஒன்றில் அது இருந்தால் சந்தேகப்பட வேண்டியதுதான்.

ஜெர்மனியில் அப்படித்தான் ஓர் ஆசாமி அகப்பட்டுக்கொண்டார். பெயர் வொல்ஃப்காங் பெல்ட்ராக்கி. காம்பெண்டோங்க் என்ற நவீன ஓவியர் 1914-இல் வரைந்ததாகச் சொல்லப்பட்ட குதிரைப் படம் ஒன்று 2006-இல் ஏலத்தில் 28 லட்சம் யூரோவுக்கு மேல் விலை போனது. வாங்கியவர்கள் பிறகு அதைச் சோதனைக்கு அனுப்பினார்கள். அகப்பட்டது டைட்டானியம்! படத்தை வரைந்தவர் பெல்ட்ராக்கியேதான். 2011-இல் அவருக்கு ஆறாண்டுச் சிறைத்தண்டனை விதித்தார்கள்.

அவர் வழக்கமாக வெள்ளையைத் தாமே குழைத்துக்கொள்வாராம். இந்தப் படத்துக்கு மட்டும் கடையில் விற்கும் துத்தநாக வெள்ளைக் குழாயைப் பிதுக்கியிருக்கிறார். டைட்டானியம் கலந்திருப்பதாக அந்தக் குழாயின் மேல் எழுதியிருக்கவில்லையாம்.